பழைய பவர் ஆம்பிளிஃபயர் வாங்கும் முன்: ஸ்பீக்கரின் கணக்கும் மூடிக்குள் பார்க்க வேண்டியவையும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 86 டெசிபல் உணர்திறனும் பெயரளவில் 6 ஓம் இம்பிடன்ஸும் (மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) கொண்ட இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன; தயாரிப்பாளர் கொடுத்த வரைபடத்தில் அந்த இம்பிடன்ஸ் ஓரிடத்தில் 3.5 ஓம் வரை இறங்குகிறது. நடுத்தர அளவுள்ள அறையில், ஸ்பீக்கர்களிலிருந்து மூன்று மீட்டருக்குள் அமர்ந்து கேட்கிறீர்கள். ஒலியளவையும் உள்ளீட்டையும் கட்டுப்படுத்தும் ப்ரீ-ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. அதனுடன் இணைக்க மூன்று பழைய பவர் ஆம்பிளிஃபயர்கள் விலைக்கு வந்திருக்கின்றன: ஒரு குவாட் 405, வி-ஃபெட் என்ற தனி வகை டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு யமஹா பி-2, வால்வுகளில் (வெற்றிடக் குழாய்களில்) இயங்கும் ஒரு டைனகோ ஸ்டீரியோ 70. இவற்றில் எது நன்றாக ஒலிக்கும் என்பது உங்கள் கேள்வி.

புதிதாக இருந்த காலத்தில் மூன்றும் நன்றாகவே ஒலித்தவை. ஆனால் நாற்பது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு கருவியில் வடிவமைத்தவரின் திறமையைவிட, அதனுள் இருக்கும் பாகங்கள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதும், அவை பழுதானால் மாற்றுப் பாகம் கிடைக்குமா என்பதுமே உங்கள் காதுக்கு வரும் ஒலியைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் பெயர்களை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பீக்கரிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பெயர்களைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

86 டெசிபல் என்பது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் கிடைக்கும் ஒலியளவு. பல தயாரிப்பாளர்கள் ஒரு வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று குறிப்பிடுவதைக் கவனியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அதே 2.83 வோல்ட் இரண்டு வாட் ஆகிவிடும். அதனால் 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று விவரக்குறிப்பு ஏட்டில் 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் உள்ளதாகத் தோன்றும். அந்தக் கூடுதலை ஆம்பிளிஃபயர்தான் கொடுக்கிறது. உங்கள் இருக்கைக்கு வரும்போது தொலைவால் சில டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒலிப்பதாலும் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் சில டெசிபல் கூடும். ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. தாள வாத்தியத்தின் ஓர் அடி 100 டெசிபல் உச்சத்தைத் தொட வேண்டும் என்றால் இன்னும் 16 டெசிபல் தேவை. மின்திறன் இருமடங்கானால் 3 டெசிபல், பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும் என்ற கணக்கில், 16 டெசிபலுக்குச் சுமார் 40 வாட் வேண்டும்.

இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, உங்கள் அறைக்கு 200 வாட், 300 வாட் என்று தேடி அலைய வேண்டியதில்லை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபல்தான், 100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபலைக்கூட எட்டாது. இரண்டாவது, இதே அறையில் ஸ்பீக்கர் மாறினால் எல்லாம் தலைகீழாகிவிடும். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் உணர்திறன் 83 டெசிபலை ஒட்டியது. கிளிப்ஷ்ஹார்ன் 100 டெசிபலைத் தாண்டியது. இருபது டெசிபல் வேறுபாடு என்பது நூறு மடங்கு மின்திறன். ஒருவர் வீட்டில் பத்து வாட் வால்வு ஆம்ப் கூரையைப் பிளந்தது என்று கேள்விப்பட்டால், அவரிடம் எந்த ஸ்பீக்கர் இருந்தது என்று கேட்காமல் அந்தச் செய்தியை நம்பக் கூடாது.

வாட்டைவிட முக்கியமானது அந்த 3.5 ஓம். 8 ஓமில் 50 வாட் கொடுக்க ஆம்பிளிஃபயர் 20 வோல்ட்டையும் 2.5 ஆம்பியரையும் தர வேண்டும். அதே 20 வோல்ட்டில் ஸ்பீக்கர் 3.5 ஓமுக்கு இறங்கினால் 5.7 ஆம்பியர் கேட்கும். பழைய ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்ற மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு சுற்று இருக்கும். அதன் எல்லையைத் தாண்டிக் கேட்கும்போது ஒலி உடைகிறது, கரகரக்கிறது. கேட்பவர் ஸ்பீக்கரைக் குறை சொல்கிறார். ஆகவே ஏட்டில் பார்க்க வேண்டியது 4 ஓமில் அந்த ஆம்ப் எத்தனை வாட் தருகிறது என்பதையே. 8 ஓமில் தருவதைவிட 4 ஓமில் கணிசமாகக் கூடுதலாகத் தந்தால் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் மின்வழங்கியும் தாராளமானவை. இரண்டிலும் ஒரே எண் இருந்தாலோ, 4 ஓம் எண்ணே கொடுக்கப்படாமல் இருந்தாலோ, உங்கள் ஸ்பீக்கருக்கு அது ஐயத்துக்குரியது.

ஏட்டு எண்களைப் படிக்கும்போது ஆண்டையும் சேர்த்துப் படியுங்கள். 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் "மியூசிக் பவர்", "பீக் பவர்" என்றெல்லாம் அச்சிட்ட எண்கள் தொடர்ந்து தரக்கூடிய திறனைவிட மிகப் பெரிதாக இருந்தன. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974இல் கொண்டுவந்த விதி இதை மாற்றியது: ஆம்பிளிஃபயரை மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடேற்றிய பிறகே, எல்லாச் சேனல்களையும் ஒருசேர இயக்கி, எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவுக்குள் என்று சொல்லி, தொடர் திறனைக் குறிப்பிட வேண்டும் என்றது. மூன்றில் ஒரு பங்கு என்பது மென்மையான சோதனை போலத் தோன்றும்; உண்மையில் ஏபி வகுப்பு எனப்படும் வழக்கமான வகை ஆம்பிளிஃபயரில் டிரான்சிஸ்டர்கள் கிட்டத்தட்ட மிக அதிகமாகச் சூடாவது அந்த இடத்தில்தான். 1970களின் பிற்பகுதியில் வந்த ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம். அந்தக் காலத்து 60 வாட்டை நான் நம்பி வாங்குவேன். அதற்கு முந்தைய விளம்பரத்து 60 வாட்டை அளந்து பார்க்காமல் நம்பமாட்டேன்.

இனி உள்ளே போகலாம். ஒரு பழைய ஆம்பிளிஃபயரில் முதலில் வயதாவது, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். அதனுள் ஈரமான வேதிப்பொருள் இருக்கிறது. வெப்பம் அதை மெல்ல உலர்த்துகிறது. 85 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட ஒரு கெப்பாசிட்டர், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இருமடங்காகும் என்ற வழக்கமான கணக்குப்படி, 45 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். நாளுக்கு நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்டால் அது சுமார் 22 ஆண்டு. 1975இல் செய்யப்பட்ட ஆம்பிளிஃபயர் அந்த ஆயுளைத் தாண்டி எங்கோ வந்துவிட்டது. பயன்படுத்தாமல் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தோம் என்று விற்பவர் சொல்வதும் முழு ஆறுதல் இல்லை. நீண்ட காலம் மின்சாரம் படாத கெப்பாசிட்டரின் உள்ளே காப்பாக இருக்கும் ஆக்சைடு படலம் நலிந்து, திடீரென முழு மின்னழுத்தம் வரும்போது கசிவு மின்னோட்டம் எகிறும். பத்தாண்டு தூங்கிய ஆம்பிளிஃபயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகுவதைப் போன்ற தவறு வேறு இல்லை.

மூடியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் அனுமதித்தால், பாதி வேலை முடிந்தது. அனுமதிக்காவிட்டால் நான் வாங்கமாட்டேன். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் பொறுத்து, பெரிய கெப்பாசிட்டர்களின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தம் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்த பிறகே உள்ளே விரலை நீட்ட வேண்டும். வால்வு ஆம்பில் அந்த முனைகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், அது உயிரைப் பறிக்கும். ஸ்க்ரூடிரைவரால் முனைகளைக் குறுக்கே இணைத்து வெளியேற்றுவது கெப்பாசிட்டரையும் கெடுக்கும், பொறி கண்ணிலும் தெறிக்கும். தகுந்த மின்தடை ஒன்றை இணைத்து மெல்ல இறக்குவதே முறை.

பிறகு மூக்கைப் பயன்படுத்துங்கள். கசிந்த எலக்ட்ரோலைட் மீன் வாடை போல ஒரு வாடை அடிக்கும். கருகிய மின்தடையின் வாடை வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் சூடான வாடை வேறு. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். கண்ணுக்கு, கெப்பாசிட்டரின் தலை சற்றேனும் உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்புக் கறை இருக்கிறதா, பாகங்கள் பொருத்திய சுற்றுப் பலகையின் ஒரு பகுதி மட்டும் கருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1970களின், 1980களின் ஜப்பானிய ஆம்பிளிஃபயர்களில் இன்னொன்றையும் தேடுங்கள். பெரிய பாகங்கள் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசை, முதலில் வெளிறிய நிறத்தில் இருந்தது, ஆண்டுகள் ஓடி வெப்பம் பட்டுக் கரும்பழுப்பாக மாறி, இறுகி, நொறுங்கும். அந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். தன்மேல் படும் கம்பிக் கால்களை அரித்துத் தின்னும். பசைக்குள் புதைந்திருந்த ஒரு சிறு மின்தடையை நான் இடுக்கியால் மெல்லத் தொட்டபோது, அதன் கால் பச்சைத் துகளாக உதிர்ந்தது; அதுவரை அந்த ஆம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பசை மட்டும் இருந்து சேதம் தொடங்காத ஆம்பிளிஃபயரை ஒதுக்க வேண்டியதில்லை. பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிடலாம்.

முன்பு யாரோ கை வைத்த அடையாளங்களையும் படிக்க வேண்டும். தேய்ந்த திருகுத் தலைகள், ஒரே வரிசையில் வெவ்வேறு நிறக் கெப்பாசிட்டர்கள், பலகையில் பிசுபிசுப்பாக எஞ்சியிருக்கும் ஃபிளக்ஸ் (பற்றவைக்கப் பயன்படும் பசை), பெயர்ந்துபோன செப்புத் தடத்துக்குப் பதிலாக ஓடும் கம்பி ஆகியவை அவசர வேலையின் கையெழுத்துகள். இடது சேனலில் ஒரு வகை வெளியீட்டு டிரான்சிஸ்டர், வலது சேனலில் வேறு வகை என்றால், ஒரு பக்கம் ஏற்கெனவே ஒருமுறை எரிந்திருக்கிறது. எரிந்து சரிசெய்யப்பட்டது தவறில்லை. சரியான பாகம் போடப்பட்டதா என்பதே கேள்வி. உற்பத்தி நின்றுபோன டிரான்சிஸ்டர்களின் பெயரை அச்சிட்டுப் போலிகள் ஏராளமாக விற்கப்படுகின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு மூலத்தைவிடச் சிறியது, முதல் கனமான இசையிலேயே போய்விடும். எஸ்டிகே என்று தொடங்கும் ஒற்றைத் துண்டு மாட்யூல்களில் இயங்கும் ஆம்பிளிஃபயர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே பழுதான டிரான்சிஸ்டரை மட்டும் தனியே மாற்ற வழியில்லை.

அளவிட வேண்டியவை இரண்டு. இரண்டுக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலாவது, ஸ்பீக்கர் முனைகளில் நேர் (டிசி) மின்னழுத்தம். ஸ்பீக்கரை இணைக்காமல், உள்ளீட்டைக் குறுக்கிணைத்து மூடி, ஆம்பை இயக்கி, ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலே டிக் என்று ஒலித்த பிறகு முனைகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். வால்வு ஆம்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் அதை இயக்கக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இந்த அளவீடு அங்கே தேவையும் இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்பில் 30 அல்லது 40 மில்லிவோல்ட்டில் தொடங்கி, பத்து நிமிடத்தில் 15க்கு இறங்கி நின்றால் அது ஆரோக்கியம். 50 வரை நான் கவலைப்படமாட்டேன். 100ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ சமநிலை இழந்திருக்கிறது. எண் நிற்காமல் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருந்தால், அது நிலையாக நிற்கும் 80ஐவிட மோசமான செய்தி; முன்நிலை டிரான்சிஸ்டரோ, அளவை நிர்ணயிக்கும் சிறு டிரிம்மரோ போகப்போகிறது.

இந்த ஓர் எண்ணை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பழைய ஆம்பிளிஃபயரை, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நான்தான் நல்லது என்று சொல்லி வாங்க வைத்தேன். மூன்றாவது வாரம், மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தபோது, இடது ஸ்பீக்கரில் ஒரு தடித்த ஓசை கேட்டது. வூஃபரின் கோன் முன்னால் தள்ளிக்கொண்டு போய் அப்படியே நின்றது, திரும்பவில்லை. எழுந்து சுவிட்சை அணைப்பதற்குள் புகை வாடை வந்துவிட்டது. வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஒன்று குறுக்கிணைந்து (ஷார்ட் ஆகி), மின்வழங்கியின் 40 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்னழுத்தம் முழுவதும் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் இறங்கியிருந்தது. அந்த மாடலில் பாதுகாப்பு ரிலேயே இல்லை. அன்று மாலை நாங்கள் பிரித்தெடுத்த வூஃபரின் காயில், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிக்கட்டையாக இருந்தது. வாங்கும் நாளில் மீட்டரை வைத்திருந்தால் அந்தச் சேனலின் ஆட்டம் தெரிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது அளவீடு பயஸ், அதாவது இசை இல்லாதபோதும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களின் வழியே ஓடும் சிறு மின்னோட்டம். அந்த டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலோடு இணைந்த மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே மில்லிவோல்ட்டில் அளந்து கணக்கிடலாம்: 0.22 ஓம் மின்தடையில் 10 மில்லிவோல்ட் என்றால் 45 மில்லிஆம்பியர். சரியான அளவு மாடலுக்கு மாடல் வேறுபடும். சர்வீஸ் கையேட்டைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அளக்க வசதி இல்லையென்றால், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டு ஹீட் சிங்குகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றொன்று கையை வைக்க முடியாமலும் இருந்தால் பயஸ் ஒரு பக்கம் நழுவியிருக்கிறது. ஒன்று முற்றிலும் குளிர்ந்திருந்தாலும் அப்படியே. அந்தச் சேனல் ஒலிக்கும், ஆனால் மெல்லிய ஒலியில் மணல் கலந்தாற்போல இருக்கும்.

காதால் கேட்டு அறிவதில், சத்தமாக வைத்துக் கேட்பதைவிட மெதுவாக வைத்துக் கேட்பதே பயன்தரும். ஒரு சேனல் மெல்லிய ஒலியில் மங்கி மறைந்து, ஒலியளவைச் சட்டென்று ஏற்றியதும் திரும்பி வந்து, பிறகு சிறிது நேரம் ஒழுங்காக இருந்தால், அது பெரும்பாலும் ரிலேயின் முனைகள் கருத்திருப்பதுதான். புதிய ரிலே மலிவான பொருள். ஆனால் இதை அறியாமல் கேபிள்களை மாற்றி, ப்ரீ-ஆம்பைச் சந்தேகித்து, மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரில் தொடர் ரீங்காரம் கேட்டால் அதன் சுருதியைக் கவனியுங்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணிலேயே, 50 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அடிக்குரல் பெரும்பாலும் எர்த் இணைப்புச் சிக்கல். அதன் இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில் ஒலிப்பது பெரும்பாலும் வடிகட்டும் கெப்பாசிட்டர் தளர்ந்த அடையாளம். டிரான்ஸ்ஃபார்மரே பெட்டிக்குள் முணுமுணுப்பது வேறு. அது அறையில் கேட்காத அளவு என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

மின்னழுத்தத்தைப் பற்றி ஒரு சொல். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கருவிகள் 100 வோல்ட்டுக்கானவை, அமெரிக்காவுக்குச் செய்தவை 120 வோல்ட்டுக்கானவை. பின்புறத் தகட்டில் உங்கள் வீட்டு மின்னழுத்தம் அச்சிடப்பட்டிருக்கிறதா, இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றை மாற்றி இணைக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதபோது தனி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பவர் ஆம்பிளிஃபயரின் உச்சத் தேவைக்கு அது பெரிதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் இழுத்துப்பிடித்துச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகி முனகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் மூன்று ஆம்பிளிஃபயர்களுக்கு வருகிறேன். குவாட் 405, 1975இல் வந்தது; 8 ஓமில் சேனலுக்கு 100 வாட். அதன் "கரன்ட் டம்பிங்" சுற்றில் ஒரு சிறிய, துல்லியமான ஆம்ப் ஒலியின் நுணுக்கத்தைக் கவனிக்க, பெரிய டிரான்சிஸ்டர்கள் மின்னோட்டத்தைக் கொட்டும் வேலையை மட்டும் செய்கின்றன. அவற்றின் பிழையைச் சுற்றின் அமைப்பே ஈடுசெய்கிறது. பழையது வாங்குபவருக்கு இதில் ஒரு பெரும் நன்மை: நழுவிப்போகப் பயஸ் டிரிம்மர் என்று ஒன்றே இல்லை. பாகங்கள் கிடைக்கும், ஒவ்வொரு சேனலும் தனிப் பலகையாகக் கழன்று வரும், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். குறைகளும் உண்டு. முதல் தலைமுறை 405, இம்பிடன்ஸ் இறங்க இறங்க மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும், உங்கள் 3.5 ஓம் இடத்தில் இது உறைக்கும். பின்னர் வந்த 405-2 இந்த விஷயத்தில் மேம்பட்டது. ஆகவே உங்களுக்கு வந்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். 0.5 வோல்ட் உள்ளீட்டிலேயே அது முழுத் திறனை எட்டிவிடும். சிடி பிளேயர்கள் தரும் 2 வோல்ட்டுக்குப் பழகிய ப்ரீ-ஆம்ப் என்றால் ஒலியளவுக் குமிழ் எட்டு மணி நிலையிலேயே நின்றுவிடும், இடையில் ஒலியைக் குறைக்கும் இரண்டு மின்தடைகள் தேவைப்படும். உள்ளீட்டுச் சாக்கெட் பல ஊசிகள் கொண்ட டின் (DIN) வகையைச் சேர்ந்தது. அதற்குரிய கேபிளும் வேண்டும்.

யமஹா பி-2 மூன்றிலும் அழகானது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வி-ஃபெட்டின் ஒலிக்கு மனத்தைப் பறிகொடுத்தவர்களை நான் புரிந்துகொள்கிறேன். நானும் கேட்டிருக்கிறேன், மனிதக் குரல் அதில் மிக இயல்பாக வரும். ஆனால் வி-ஃபெட் என்பது அதைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டில் (gate) எதிர் மின்னழுத்தம் இருக்கும்வரைதான் அடங்கியிருக்கும். அந்தப் பயஸ் போய்விட்டால் முழுவதுமாகத் திறந்துகொண்டு தன்னையே எரித்துக்கொள்ளும் இயல்புடையது. பயஸ் வழங்கும் சுற்றில் ஒரு சிறு டயோடோ, வறண்ட ஒரு கெப்பாசிட்டரோ போனாலும் போதும். எரிந்தால் மாற்ற அந்தப் பாகம் உற்பத்தியில் இல்லை. இன்னொரு இறந்த ஆம்பிளிஃபயரிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையேல் போலியிடம் ஏமாற வேண்டும். இரண்டாவது ஆம்பிளிஃபயராக, ஓர் அனுபவசாலி முழுமையாகச் சீரமைத்துக் கொடுத்த நிலையில், இதை வாங்கச் சொல்வேன். அன்றாடம் ஓட வேண்டிய ஒரே ஆம்பாக வாங்கச் சொல்லமாட்டேன்.

டைனகோ ஸ்டீரியோ 70, 1959இல் வந்தது. நான்கு இஎல்34 வால்வுகளில் சேனலுக்கு 35 வாட். மேலே போட்ட கணக்குப்படி உங்கள் இருக்கையில் 99 டெசிபல் உச்சம் வரை இது தரும். நிதானமாகக் கேட்பவருக்கு அது போதுமானது. 4 ஓம் இணைப்பும் அதில் உண்டு, உங்கள் ஸ்பீக்கருக்கு அதையே பயன்படுத்த வேண்டும். வால்வு ஆம்பின் வெளியீட்டு இம்பிடன்ஸ் டிரான்சிஸ்டர் ஆம்பைவிட அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஏறுமிடத்தில் ஒலி சற்றே தூக்கலாகவும் இறங்குமிடத்தில் சற்றே அடங்கியும் வரும். அது உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், வீட்டில் வைத்துக் கேட்டால்தான் தெரியும். இதில் பார்க்க வேண்டியவை தெளிவானவை. நான்கு கெப்பாசிட்டர்களை ஒரே உலோக டப்பாவில் அடக்கிய பாகம் மாற்றப்பட்டிருக்க வேண்டும். பயஸ் மின்வழங்கியில் மாறுமின்னோட்டத்தை நேர் மின்னோட்டமாக்கிய செலினியம் ரெக்டிஃபயர் நீக்கப்பட்டுச் சிலிக்கான் டயோடு போடப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பழைய பாகம் தளர்ந்தால் பயஸ் குறைந்து, வால்வுகளின் தகடு சிவந்து எரியும். முன்புறச் சாக்கெட்டில் 1.56 வோல்ட் காட்டும்படி பயஸைச் சரிசெய்வது மூல முறை. பெரிய வால்வுகளை இயக்கும் 7199 என்ற சிறு வால்வு அரிதாகிவிட்டது. பலர் வேறு வால்வுக்கு ஏற்றவாறு பலகையை மாற்றியிருப்பார்கள், வேலை சுத்தமாக இருந்தால் அது குறையில்லை. இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளவை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள்; அவை நலமாக இருந்தால் மற்றதெல்லாம் வாங்கிப் பொருத்தக்கூடியவையே.

எனவே என் தீர்ப்பு இது. 405-2 ஆக இருந்து, கெப்பாசிட்டர்கள் மாற்றப்பட்டதற்குப் படமோ ரசீதோ இருந்தால், குவாட்டை வாங்குங்கள். அது முதல் தலைமுறை 405 என்று தெரிந்தால், அதில் செய்யத்தக்க மேம்பாடுகளின் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். இல்லையேல் பொறுத்திருந்து, எளிதில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களில் இயங்கும், 4 ஓமில் தாராளமான வேறொரு சாதாரண ஆம்பிளிஃபயரைத் தேடுங்கள். உயர் மின்னழுத்தத்தில் கைபழகிய ஒரு மெக்கானிக் எட்டும் தொலைவில் இருந்தால் மட்டும் டைனகோ. எதை வாங்கினாலும், சீரமைப்பைச் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். ஒருபோதும் தொடப்படாத பழைய ஆம்பிளிஃபயருக்கும் அது தேவை, பாதியில் விட்ட வேலைக்கு அதைவிட அதிகம் தேவை. கெப்பாசிட்டர்களைப் பலமடங்கு பெரிதாக மாற்றியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சுவிட்சைப் போடும் கணத்தில் அவை இழுக்கும் மின்னோட்டத்துக்கு அந்த ரெக்டிஃபயரும் சுவிட்சும் செய்யப்பட்டவை அல்ல.

கொண்டுவரும் வழியும் முக்கியம். பவர் ஆம்பிளிஃபயரின் எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மரே. ஒருமுறை கீழே விழுந்தால் அது பெட்டியின் தகட்டைக் கிழித்துக்கொண்டு பலகைகளின் மேல் போய் விழும். முடிந்தால் நேரில் சென்று, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் பக்கத்தைக் கவனித்துப் பிடித்துத் தூக்கி வாருங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இரட்டைப் பெட்டி வேண்டும். வால்வுகளைக் கழற்றி, எது எந்தக் குழியில் இருந்தது என்று எழுதி, தனியாகப் பொதிய வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் நாளில், டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால், 60 அல்லது 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றை மின்கம்பியில் தொடராக இணைத்து அதன் வழியாக இயக்குங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய குறுக்கிணைப்பு இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், ஆம்பிளிஃபயர் எரியாமல் தப்பியது. பல்பு மங்கிய பிறகு அதை நீக்கி நேராக இணைத்து, முனைகளில் மில்லிவோல்ட்டை அளந்து ஒரு தாளில் தேதியுடன் எழுதி, முதலில் போனால் போகிறது என்று விடக்கூடிய பழைய ஸ்பீக்கர் ஒன்றை இணைத்து இரண்டு மணி நேரம் கேளுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். அடுத்த நாளும், ஒரு வாரம் கழித்தும் அதே எண் வந்தால், உங்கள் நல்ல ஸ்பீக்கர்களை இணைக்கலாம்.